உண்மைப் பிரதி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் கொப்பி என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் இருந்தன. எழுதுகிற கொப்பி ஒன்று, அடிக்கிற கொப்பி மற்றது. முதலாவது இல்லாமல் வகுப்புக்குப் போகமுடியாது. இரண்டாவதோடு பிடிபட்டால் வகுப்பில் இருக்கமுடியாது. ஒருவர் செய்ததைப் பார்த்து இன்னொருவர் செய்வது வெட்கத்துக்குரிய காரியம் என்று சின்ன வயதிலேயே எங்களுக்குப் படிப்பிக்கப்பட்டது. எழுதுகிறவர்களிடையே இந்த வெட்கம் இன்னும் அதிகம். 'இது இன்னாரைப் பார்த்து எழுதியது' என்று ஒரு விமர்சகர் சொல்லிவிட்டால் அந்தக் கவிஞர் பிறகு சபைக்கு வரமாட்டார்.

அதே ஊரில் வேறொரு விதமான பிரதியும் இருந்தது. பிறப்புச் சான்றிதழையோ பரீட்சைப் பெறுபேற்றையோ ஒரு கந்தோருக்கு அனுப்பவேண்டுமென்றால் மூலத்தை அனுப்பமாட்டோம். பிரதி எடுத்துச் சமாதான நீதவான் ஒருவரிடம் கொண்டுபோவோம். அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'உண்மைப் பிரதி' என்று எழுதி, கையொப்பமிட்டு முத்திரை குத்துவார். அதன்பின் அந்தத் தாளுக்கு ஒரு மரியாதை வந்துவிடும். அது மூலமாக மாறிவிட்டதால் வந்த மரியாதை அல்ல. நான் மூலமல்ல என்று அந்தத் தாளே சொல்கிறது. அப்படிச் சொல்வதால்தான் அதை நம்பலாம்.

சில காலமாகத் தைலவர்ணத்தில் உருவப்படம் கீறப் பழகிவருகிறேன். ஆசிரியர் யாரும் இல்லை. பழைய ஓவியர் ஒருவரின் படத்தைப் பார்த்துப் பிரதிசெய்து பழகுகிறேன். இந்தப் பழக்கத்தில் இரண்டு கேள்விகள் எனக்கு எழுந்தன. பார்த்துச் செய்வது களவா, கல்வியா என்பது ஒன்று. யாருடைய முகத்தைப் பிரதிசெய்கிறோமோ அந்த ஆளுக்கு நாங்கள் எதற்குப் பொறுப்பு என்பது மற்றது. முதற் கேள்விக்கு விடை காண்பது அவ்வளவு கடினமல்ல. இரண்டாவதுதான் என்னை விடுவதாயில்லை.

லண்டன் ட்ரஃபல்கர் சதுக்கத்திலுள்ள நாஷனல் கலரி 1824இல் தொடங்கப்பட்டது. உள்ளே போகக் காசு கேட்கமாட்டார்கள். மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் இரண்டரை மணித்தியாலம் சும்மா கிடைக்கிற என்போன்ற சமையலறைத் தொழிலாளிக்கு, மழைக்கு ஒதுங்க இதைவிட நல்ல இடம் இந்த நகரத்தில் இல்லை. இங்கே ரெம்பிரான்ட் தன் 34ஆவது வயதில், 1640இல், தன்னைத்தானே வரைந்த படம் ஒன்று இருக்கிறது. ஒரு கட்டையில் கையை ஊன்றிக்கொண்டு, விலையுயர்ந்த உடுப்போடு எங்களைப் பார்க்கிறார். இதற்கு முதல் வருடம், 1639இல், ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஏலமொன்றில் ராஃபேல் வரைந்த காஸ்டிலியோனேயின் உருவப்படம் விலைபோனது. ரெம்பிரான்ட் அந்த இடத்திலேயே அதைப் பார்த்து வேகமாகக் கீறி, 3,500 கில்டர் என்று விலையையும் பக்கத்தில் குறித்துக்கொண்டார். அந்தப் படத்தை வாங்கிய அல்போன்சோ லோபஸ் என்ற வியாபாரியிடம் டிஷியன் வரைந்த இன்னோர் உருவப்படமும் இருந்தது. நீல நிறப் பெரிய சட்டைக்கையை முன்னே நீட்டியபடி இருக்கும் ஓர் இளைஞனின் படம் அது. கையை ஊன்றுகிற விதம் டிஷியனிடமிருந்தும் ராஃபேலிடமிருந்தும் வந்தது. டிஷியனின் அந்த இளைஞனும் இன்று இதே நாஷனல் கலரியில் இருக்கிறான். இரண்டையும் பார்ப்பவருக்கு ரெம்பிரான்ட் எங்கே கொப்பியடித்தார் என்று சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் அவரை யாரும் வகுப்பிலிருந்து வெளியேற்றவில்லை.

அந்தக் காலத்தில் பிரதிசெய்வது தொழிலின் அரிவரி. ரெம்பிரான்டின் பட்டறையில் மாணவர்கள் ஆளுக்கு வருடம் 100 கில்டர் கட்டிப் படித்தார்கள் என்று அவர் காலத்து ஓவியரான சாண்ட்ரார்ட் எழுதியிருக்கிறார். ஆசிரியரின் படத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்ப வரைவதே அங்கே படிப்பு. எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். பனையோலை ஏடு உக்கிப் போகிற சாமான். அடுத்த தலைமுறை புதிய ஓலையில் பார்த்து எழுதினால்தான் நூல் பிழைக்கும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார் என்றால், அதற்கு முன்னால் பெயர் தெரியாத எத்தனையோ பேர் அதை எழுத்தெழுத்தாகப் பிரதிசெய்திருந்தார்கள். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று எங்கள் பழமொழி அவர்களை ஏசுகிறது. அவன் எழுதாமல் விட்டிருந்தால் கெடுவதற்கும் ஏடு இருந்திராது.

கற்பிக்க மறுத்த ஆசிரியர்களின் கதைகளும் எங்களிடம் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் தைலவர்ணம் தெரிந்த ராமசுவாமி நாயுடு, இளைஞரான ரவிவர்மாவுக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்க மறுத்தார் என்றும், அவருடைய உதவியாளர் ஆறுமுகம்பிள்ளை இரவில் இரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்றும் ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1868இல் அங்கு வந்த தியோடர் யென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், தான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே அனுமதித்தார். பார்த்ததே ரவிவர்மாவுக்குக் கல்வியாயிற்று. ஏகலைவனுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. மண்ணால் செய்த குருவை வைத்துப் படித்தான். கடைசியில் அந்தக் குரு அவனுடைய பெருவிரலைக் கேட்டார். கலரிச் சுவரில் தொங்குகிற குரு விரலைக் கேட்பதில்லை. ஆனால் அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தைலவர்ணம் எப்படி வேலைசெய்கிறது என்று தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நீர்வர்ணத்தில் தண்ணீர் ஆவியாகி வர்ணம் காய்கிறது. ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை. அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. இதற்கு நாட்கள் எடுக்கும். தடித்த பூச்சானால் கிழமைகள் எடுக்கும். ஆகவே அவசரம் இங்கே செல்லாது. முதலில் கன்வஸ் முழுவதும் மண்ணிறத்தில் ஒரு தளம் பூசவேண்டும். அதன்மேல் வெளிச்சத்தையும் இருளையும் மட்டும் ஒரே நிறத்தில் பிரித்துக்கொள்ளவேண்டும். அது காய்ந்தபின்தான் தோலின் நிறம். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருக்கவேண்டும்; மாறிச் செய்தால் காலப்போக்கில் வெடிக்கும். நிழல் மெல்லியதாக, தளம் தெரியும்படி. வெளிச்சம் தடிப்பாக, தூரிகையின் தடம் தெரியும்படி. மஞ்சட்காவி, செங்காவி, எலும்புக்கரி, வெள்ளை என்று நாலைந்து நிறங்களுக்குள்ளேயே ஒரு முகம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

பழகுகிறவருக்கு உண்மையான கஷ்டம் கையில் இல்லை, கண்ணில்தான். கண்ணுக்குத் தன் எண்ணத்தில் பெரிய நம்பிக்கை. கண் என்றால் மாம்பிஞ்சு வடிவம், உதடு என்றால் சிவப்பு, தலைமயிர் என்றால் கோடு கோடாக இருக்கும் என்று அது முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. மூலத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் உதட்டில் சிவப்பே இல்லை, பழுப்பும் சாம்பலும்தான் என்று தெரியவருகிறது. கன்னத்தின் இருண்ட பக்கத்துக்கும் பின்னணிக்கும் இடையே கோடே கிடையாது. ஒன்று மற்றதில் கரைந்துபோகிறது. பிரதிசெய்தல் என்பது, தெரியும் என்று நினைத்ததை ஒவ்வொன்றாகக் கைவிடுவது. தன்னைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்காமல் இது முடியாது. இந்தக் காரணத்தால் இது கைப்பழக்கம் மட்டுமல்ல, ஒழுக்கமும்கூட என்று நான் கருதுகிறேன்.

பிரதியால் எடுக்கமுடியாத ஒன்றும் உண்டு. ரெம்பிரான்ட் இறந்த வருடமான 1669இல், 63ஆவது வயதில் வரைந்த தன்னுருவப் படமும் இதே கலரியில் இருக்கிறது. கைகளைக் கோர்த்துக்கொண்டு இருக்கிறார். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது, முதலில் கையில் தூரிகை பிடித்தபடி வரைந்திருந்தது தெரியவந்தது. பிறகு அதை மூடிக் கைகளைக் கோர்த்துவிட்டார். பார்த்து வரைகிறவருக்குக் கோர்த்த கை கிடைக்கிறது. தூரிகையை விடுவதா வைத்திருப்பதா என்று அவர் தயங்கியது கிடைப்பதில்லை. எங்கள் நாட்டு இயக்கங்கள் வெளிநாட்டுத் தத்துவங்களைப் பிரதிசெய்த விதமும் ஏறக்குறைய இதுதான். முடிவுகளை எடுத்துக்கொண்டோம். அவற்றுக்கு முன்னிருந்த சந்தேகங்கள் எங்களிடம் வந்துசேரவில்லை.

பிரதிக்கும் மோசடிக்கும் என்ன வித்தியாசம்? ஹான் வான் மேகரென் என்ற ஒல்லாந்து ஓவியரின் வழக்கு இதை விளங்கிக்கொள்ள உதவும். 1937இல் அப்ரகாம் பிரேடியஸ் என்ற பெரிய நிபுணர் ஒரு படத்தைப் பார்த்து, இது வெர்மீரின் மிகச் சிறந்த படைப்பு என்று எழுதினார். ரொட்டர்டாம் அருங்காட்சியகத்துக்கு அது பெரும் பணத்துக்கு வாங்கப்பட்டது. வரைந்தவர் மேகரென். வர்ணத்தில் பிளாஸ்டிக் பசை கலந்து, சூடேற்றி, முந்நூறு வருடப் பழைமையை உண்டாக்கியிருந்தார். யுத்தம் முடிந்ததும் 1945இல், ஒரு வெர்மீரை நாசித் தலைவர் கோரிங்குக்கு விற்றார் என்று கைதானபோதுதான், அது தன் கைவேலை என்று ஒப்புக்கொண்டார். யாரும் நம்பவில்லை. சாட்சிகளின் முன்னால் இன்னொன்று வரைந்து காட்டவேண்டியதாயிற்று. 1947 நவம்பரில் ஒரு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. அடுத்த மாதமே இறந்துபோனார்.

இங்கே கவனிக்கவேண்டியது, மேகரென் எந்த வெர்மீரையும் பிரதிசெய்யவில்லை என்பதே.  அந்த அர்த்தத்தில் அது ஒரு மூலப் படைப்பு. பொய் கன்வஸில் இல்லை. அதன்மேல் வைத்த பெயரில் இருந்தது. ஆகவே சொந்தமாகச் செய்தது எல்லாம் நேர்மையானது, பார்த்துச் செய்தது எல்லாம் களவு என்று நாங்கள் வைத்திருக்கும் கணக்குச் சரிவராது. ஒரு படம் தன்னைப்பற்றி என்ன சொல்கிறது, அது உண்மையா என்பதே கேள்வி. முதற் கேள்விக்கு என் விடை இவ்வளவுதான். சமாதான நீதவானின் முத்திரை அதைத்தான் எப்போதோ சொல்லிவிட்டது.

இனி இரண்டாவது கேள்வி. நான் பிரதிசெய்ய எடுத்துக்கொண்டது மார்கரேத்தா டி கேர் என்ற மூதாட்டியின் உருவப்படம். ரெம்பிரான்ட் ஏறக்குறைய 1661இல் வரைந்தது. அப்போது அவளுக்கு எழுபத்தெட்டு வயதளவில். நாற்காலியில் நிமிர்ந்து, எங்களுக்கு நேரே முகம்கொடுத்து இருக்கிறாள். கறுப்பு உடுப்பு. கழுத்தைச் சுற்றித் திரிகைக்கல் போன்ற பெரிய வெள்ளை மடிப்புப் பட்டை. அந்தக் காலத்துக்கே அது பழைய மோஸ்தர். ஒரு கையில் கைக்குட்டை. நெற்றிப்பொட்டில் தோல் மெலிந்து எலும்பு தெரிகிறது. எந்த உறவும் இல்லாத ஒரு வெள்ளைக்காரக் கிழவி. ஆனாலும் எங்கள் ஒழுங்கையில் விறாந்தைக் கட்டிலில் இருந்து போறவாற ஆட்களைக் கணக்கெடுக்கும் அம்மம்மாக்களின் பார்வை அவளிடம் இருந்தது. அதனால்தான் தெரிந்தெடுத்தேன்.

அவள் யார் என்று வாசித்தது பிறகுதான். கணவன் ஜேக்கப் ட்ரிப் இரும்பும் ஆயுதமும் விற்ற வியாபாரி. அவனுடைய படமும் இங்கே இருக்கிறது. இரண்டையும் 1899இல் கலரி வாங்கியது. அவளுடைய தம்பி லூயி டி கேர் சுவீடனில் பீரங்கி வார்ப்பாலைகள் நடத்தி, முப்பது வருட யுத்தத்துக்கு ஆயுதம் கொடுத்துப் பெரும் செல்வம் சேர்த்தவன். அவளுடைய மக்கள் லூயியும் ஹென்ட்ரிக்கும் 1660க்கும் 1662க்கும் இடையில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு மாளிகை கட்டினார்கள். அதன் புகைபோக்கிகள் பீரங்கிக் குழாய் வடிவில் இன்றைக்கும் நிற்கின்றன. தங்கள் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்க அவர்கள் நினைக்கவில்லை, கூரையிலேயே ஏற்றிவைத்தார்கள். ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது 1658இல். அந்தக் கோட்டைக்கு வந்த பீரங்கி இந்தக் குடும்பத்தின் பீரங்கி என்று சொல்வது என் நோக்கமல்ல. ஒரே காலம், ஒரே குடியரசு, ஒரே வியாபாரம். அவ்வளவு போதும்.

சுவரில் தொங்குகிற குருவிடமும் ஒரு கணக்கு இருக்கிறது என்றேன். அது இதுதான். நான் மாதக்கணக்காக அன்போடு பார்த்து வரைகிற அந்தச் சுருக்கங்களின் பின்னால், யாரோ எங்கோ இழந்த கைகளும் கால்களும் இருக்கின்றன. விஷயத்தைக் கேட்ட நண்பர் ஒருவர், "ஏன் காணும், உமக்குக் கீற வேற ஆளில்லையோ? ஷெல்லடிக்கு ஓடி வந்தனீர், ஷெல் வித்தவன்ரை பெண்சாதியைப் போய்க் கீறுறீர். உம்மட அம்மம்மாவைக் கீறும்" என்றார். நியாயமான பேச்சு. அதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று, அம்மம்மாவைக் கீறினால் கண்ணுக்கு முன்னே பாசம் கீறிவிடும். அவளுடைய வாயோரத்துக் கடுமையைக் கை தானாகவே மெதுமைப்படுத்தும். அன்பில்லாத ஒரு முகத்தில்தான் பார்ப்பதைப் பழகலாம். மற்றப் பதில் இன்னும் கஷ்டமானது. இந்தக் கிழவியின் முகத்தில் பீரங்கி இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. முதுமை இருக்கிறது, களைப்பு இருக்கிறது, ஒரு வீட்டை ஐம்பது வருடம் கட்டி ஆண்ட அதிகாரம் இருக்கிறது. குற்றம் செய்கிறவர்களின் முகத்தில் குற்றம் எழுதியிருக்கும் என்று நாங்கள் சின்ன வயதிலிருந்து நம்பிவந்தது பொய் என்பதை, வர்ணம் வர்ணமாக இந்தப் படம் எனக்குக் காட்டியது.

1939இல் யுத்தம் தொடங்குமுன்பே நாஷனல் கலரியின் படங்கள் வேல்சுக்கு இடம்பெயர்க்கப்பட்டன. பிறகு அங்கே மனொட் மலையின் கற்சுரங்கத்துக்குள் பாதுகாக்கப்பட்டன. அகதி வாழ்க்கை படங்களுக்கும் வந்தது. 1941இல் கலரி இதே மூதாட்டியின் இன்னொரு சிறிய படத்தை வாங்கியது. குண்டுகள் விழுந்து இடிந்த நகரத்தில் இருந்தவர்கள், அந்தப் படத்தையாவது எங்களுக்குக் காட்டுங்கள் என்று பத்திரிகையில் கேட்டார்கள். 1942இல் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. குண்டுவீச்சுக்கு ஆளான சனங்கள் ஆறுதலுக்குக் கேட்டது ஓர் ஆயுத வியாபாரியின் மனைவியின் முகத்தை. அவர்களைப் பரிகாசம் செய்ய நான் வரவில்லை. அந்த முகத்தில் ஆறுதல் உண்மையிலேயே இருக்கிறது. அதுதான் சிக்கல். 1656இல் வங்குரோத்தான ரெம்பிரான்ட் காசுக்காக வரைந்த படம் அது. வரைந்தவர் காட்டியது உண்மை. ஆனால் முழு உண்மை அல்ல. முகத்தை மட்டும் பிரதிசெய்கிறவர் அந்த மௌனத்தையும் சேர்த்துப் பிரதிசெய்கிறார்.

இதை நான் ஒல்லாந்துக்காரருக்காக எழுதவில்லை. எங்கள் வீட்டு வரவேற்பறைகளில் தொங்கும் படங்களைப் பாருங்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை ஸ்ரூடியோவில் பெரிதாக்கி, கண்ணுக்குக் கீழிருந்த கருமையை அழித்து, நிறத்தை வெளுப்பாக்கி, மாலை போட்டு மாட்டியிருக்கிறோம். அது துக்கத்தின் உரிமை. அதைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அதே திருத்தும் தூரிகையோடுதான் நாங்கள் வரலாற்றையும் நினைவுக் குறிப்புகளையும் எழுத உட்காருகிறோம். ஒருவனை மாவீரன் ஆக்கினால் முகத்தில் ஒரு மருகூட இருக்கக்கூடாது. இன்னொருவனைத் துரோகி ஆக்கினால் முகமே இருக்கக்கூடாது. எங்களுக்குத் தெரியும், ஒரே பெடியன் ஒரு வீட்டுக் கிழவருக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவனாகவும், இன்னொரு வீட்டுப் பிள்ளையை இரவில் கூட்டிக்கொண்டு போனவனாகவும் இருந்திருக்கிறான். அவனை வரைய எங்களிடம் இரண்டு படங்கள்தான் இருக்கின்றன, இரண்டும் பொய். 2009 மே மாதத்தோடு யுத்தம் முடிந்தது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த மூன்றாவது படத்தைக் கீற எங்களுக்குக் கை வரவில்லை.

அதைக் கீறுவது மன்னிப்பாகிவிடாதா என்று சிலர் பயப்படுகிறார்கள். பார்ப்பது வேறு, மன்னிப்பது வேறு. கிழவியின் நெற்றித் தோலை உள்ளபடி வரைந்ததால் பீரங்கிக் கணக்கு தீர்ந்துபோகவில்லை. பீரங்கிக் கணக்கு தெரிந்ததால் நெற்றித் தோல் வேறு நிறமாகவும் மாறவில்லை. இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும். மன்னிப்பதா இல்லையா என்பது பிள்ளையை இழந்த வீட்டாருக்கு உரிய விஷயம். அதை ஓவியரோ எழுத்தாளரோ தன் கையில் எடுக்கமுடியாது. உள்ளதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துக் கொடுப்பதுதான் இவர்களுடைய வேலை. சமாதான நீதவானும் அவ்வளவைத்தான் செய்தார். சான்றிதழில் இருக்கிற ஆள் நல்லவரா கெட்டவரா என்று அவர் ஒருநாளும் எழுதியதில்லை.

படத்தின் முன்பக்கத்தில் நான் கையொப்பமிடப் போவதில்லை. பின்பக்கத்தில், கன்வஸின் மரச்சட்டத்தில், மூன்று வரிகள் எழுத இருக்கிறேன். ரெம்பிரான்டின் படத்தைப் பார்த்துப் பிரதிசெய்தது. இவள் மார்கரேத்தா டி கேர், ஜேக்கப் ட்ரிப்பின் மனைவி. இவர்களுடைய பணம் இரும்பிலும் பீரங்கியிலும் வந்தது.